பூஸ்டர் வாங்காமலேயே வீட்டுக்குள் சிக்னலைக் கொண்டுவந்த அனுபவம்

கோவை வடவள்ளியில், மருதமலைச் சரிவை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் கைபேசியில் எல்லாக் கோடுகளும் தெரியும். கீழ்த்தளத்தில் அம்மா படுக்கும் உள்ளறைக்குப் போனால் ஒரு கோடு தெரிவதே பெரிது. அவரை அழைப்பவர்களுக்கு, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்ற அறிவிப்புதான் கிடைக்கும். மருத்துவமனையிலிருந்து வரும் நினைவூட்டல் அழைப்பும், வங்கியின் ஓடிபியும், எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் குறியீட்டு எண்ணும் எல்லாம் இன்று கைபேசியை நம்பியே இருக்கின்றன. எழுபது வயதைக் கடந்த ஒருவர் இவற்றுக்காக ஒவ்வொரு முறையும் வாசலுக்கு எழுந்து வர வேண்டியிருப்பது வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிடக்கூடியதன்று. அதனால்தான் இதை முறையாகத் தீர்க்க வேண்டும் என்று முனைந்தேன்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன முதல் தீர்வு பூஸ்டர். மாடியில் ஓர் ஆன்டெனா, நடுவில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி, அறைக்குள் இன்னோர் ஆன்டெனா, இவற்றை இணைக்கும் கேபிள் என்று முழுத் தொகுப்பாக இணையத்தில் விற்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் காரியம் முடிந்துவிடும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஆனால், எந்த அலைவரிசையில், எந்த இடத்தில், எவ்வளவு சிக்னல் குறைகிறது என்று தெரியாமல் ஒரு கருவியை வாங்குவதில் பொருளில்லை என்பதால், முதலில் அளந்து பார்த்தேன்.

திரையில் தெரியும் கோடுகளை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே அளவு சிக்னலுக்கு ஒரு நிறுவனத்தின் கைபேசி மூன்று கோடு காட்டும், இன்னொன்று இரண்டு காட்டும். ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தைத் திறந்தால், சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் அதே விவரம் வரும். அந்த எண் எப்போதும் கழித்தல் குறியுடன் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலிமையானது. 4ஜியில் -85க்கு மேல் இருந்தால் கவலையில்லை, -100ஐத் தாண்டிக் கீழே போனால் தடுமாற்றம் தொடங்கும், -115க்குக் கீழே அழைப்பு நிற்பது கடினம். எங்கள் மொட்டை மாடியில் -82, கூடத்தில் -101, அம்மாவின் அறையில் -119 என்று காட்டியது.

டிபிஎம் என்பது டெசிபல் கணக்கில் அமைந்த அளவு. அதில் ஒவ்வொரு 3 குறைவுக்கும் ஆற்றல் பாதியாகிறது, ஒவ்வொரு 10 குறைவுக்கும் பத்தில் ஒன்றாகிறது. மாடிக்கும் அறைக்கும் இடையிலுள்ள 37 டெசிபல் வித்தியாசத்தை இந்தக் கணக்கில் போட்டால், மாடியில் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் அந்த அறைக்குள் வருகிறது. டவர் சரியாகவே இருக்கிறது, வீடுதான் தடுக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. இரண்டு கான்கிரீட் தளங்களும் அவற்றுக்குள் வலையாகப் பின்னிய இரும்புக் கம்பிகளும் ஒரு காரணம்; வெயிலுக்காக மேற்குச் சன்னல்களில் ஒட்டிய, கண்ணாடிபோல் மின்னும் உலோகப் பூச்சுத் தாள் இன்னொரு காரணம். அந்தத் தாள் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதைப் போலவே ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். ஒரு சன்னலில் மட்டும் அதை உரித்துவிட்டுத் துணித்திரை போட்டதில் கூடத்தின் அளவு கண்கூடாக உயர்ந்தது. செலவே இல்லாத அந்த மாற்றத்தை எல்லோரும் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

அலைவரிசையையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 4ஜி சேவை 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் எனப் பல பட்டைகளில் நடக்கிறது. 5ஜி பெரும்பாலும் 3300க்கு மேல். எண் கூடக் கூட அலை சுவரைத் துளைத்து வரும் திறன் குறையும். ஒரே நிறுவனத்தின் சேவை மாடியில் 2300லும் உள்ளறையில் 850லும் கிடைப்பது வழக்கமானது. மாடியில் வேகமாக இணையம் வருகிறதே, கீழே ஏன் இல்லை என்று பலர் கேட்பதற்கு இதுவும் ஒரு விடை.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். அளவு -85 என்று நன்றாகக் காட்டியும், இரவு எட்டு மணிக்கு மேல் இணையம் நகரவில்லை, அதிகாலையில் நன்றாக ஓடுகிறது என்றால், அது சிக்னல் குறைவன்று. அந்த டவரில் ஆட்கள் அதிகம். அதற்கு எந்தப் பூஸ்டரும் உதவாது. நெரிசலைச் சிக்னல் குறைவு என்று எண்ணிப் பணம் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த அளவீடுகளை வைத்துக்கொண்டு பூஸ்டரைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், இந்தியாவில் அதைத் தனிநபர் வைத்திருப்பதே சட்டவிரோதம் என்று தெரியவந்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் இத்தகைய கருவிகளை வைத்திருப்பதையே தடை செய்தது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் மொபைல் சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் வெளிப்படையாக அறிவித்தது. இணைய விற்பனைத் தளங்களையும் எச்சரித்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதியின்றி ரேடியோ கருவி வைத்திருப்பது அபராதத்துக்குரியதாகவே தொடர்கிறது. விற்பனைப் பக்கத்தில் இந்த எச்சரிக்கை எங்குமே இல்லை. வாங்குகிற எளிய மனிதர் சட்டத்தை மீறுகிறோம் என்று அறியாமலேயே மீறுகிறார் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள், அங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்பார்கள். அது உண்மைதான். அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் 2013இல் விதிகளை வகுத்து, தரச்சான்று பெற்ற பூஸ்டரை நிறுவனத்திடம் பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறது. ஆனால் அந்த அனுமதி இங்கே செல்லாது என்பதோடு, அங்கே விற்கும் கருவிகள் அந்நாட்டுப் பட்டைகளுக்காகச் செய்யப்பட்டவை. 850ஐத் தவிர நம் ஊர்ப் பட்டைகளோடு அவை பெரும்பாலும் பொருந்துவதில்லை. பெட்டியில் வைத்து எடுத்து வந்தாலும் பயன் இல்லை.

தடையின் காரணத்தை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம். நான் யோசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மாடியில்கூட அழைப்புகள் அறுபடத் தொடங்கின. அளவு முன்போலவே -82தான். நாங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. அவர்கள் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். தெருவில் பலரும் புகார் கொடுத்த பிறகு, நிறுவனத்தின் பொறியாளர்கள் கையில் பிடிக்கும் அலை அளவிடும் கருவியோடும் திசை காட்டும் ஆன்டெனாவோடும் வந்தார்கள். மாலைக்குள், சில வீடுகள் தள்ளி ஒரு மாடியில் பொருத்தியிருந்த பூஸ்டர் ஆன்டெனாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவருக்கும் எங்களைப் போலவே கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாத தொல்லைதான்.

"நம்ம வீட்டுக்குள்ளதானுங்க வெச்சிருக்கோம், இதுனால டவருக்கு என்னங்க ஆகப் போகுது?" என்று அவர் மனப்பூர்வமாகவே கேட்டார்.

பொறியாளர் பொறுமையாக விளக்கியதை நான் அருகில் நின்று கேட்டேன். பூஸ்டர் ஒரு வழிக் கருவியன்று. டவரிலிருந்து வருவதைப் பெருக்கி அறைக்குள் தருவதைப் போலவே, அறைக்குள் இருக்கும் கைபேசி சொல்வதையும் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. கைபேசி அனுப்பும் ஆற்றல் அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவுதான். அந்த மெல்லிய ஒலிகளைப் பிரித்துக் கேட்பதற்காகவே டவரின் ஏற்பி மிகக் கூர்மையாக அமைக்கப்பட்டிருக்கிறது. தரக்கட்டுப்பாடு இல்லாத ஒரு பெருக்கி, யாரும் பேசாதபோதும் தன் மின்னணு இரைச்சலைப் பெருக்கி அந்த ஏற்பியின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இரைச்சல் ஏறினால், தூரத்திலுள்ள கைபேசிகளின் குரல் அதில் மூழ்கிவிடும். அருகிலுள்ளவை இன்னும் உரக்கப் பேச முயன்று மின்கலத்தைத் தீர்க்கும். நாங்கள் பேசியது மட்டும் எதிர்முனைக்குக் கேட்காமல் போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அதோடு, வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் இடையே போதிய தடுப்பு இல்லையென்றால், கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் எழும் அந்த ஊளையைப் போன்ற ஒன்று ரேடியோ அலையிலும் எழும். ஒரு பட்டை முழுவதையும் அது முடக்கிவிடும். சாதாரண இரட்டை மாடி வீட்டில் அந்த அளவு இடைவெளி கிடைப்பது கடினம். தவிர, மலிவு விலைக் கருவிகள் 900, 1800, 2100 பட்டைகளுக்கானவை. 2300லும் 5ஜியிலும் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பதால், நெட்வொர்க்கின் நேரக் கணக்கோடு இணங்கி இயங்கும் கருவி இல்லாமல் அவற்றைப் பெருக்க முடியாது. ஆக, அண்டை வீட்டாரைப் பாதித்த பிறகும் வாங்கியவருக்கு முழுப் பயன் கிடைப்பதில்லை. அந்த ஆன்டெனாவின் மின் இணைப்பை எடுத்த அன்று மாலையே தெருவில் எல்லோருடைய அழைப்பும் சீரானது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் வயதானவரும் இருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் பொருந்தும்படி வேறு வழி தேடுவது என்று இருவருமாகச் சேர்ந்து முயன்றோம்.

முதலில், வேறு நிறுவனங்களின் சிம்கள் உள்ளறையில் எவ்வளவு காட்டுகின்றன என்று பார்த்தோம். வீட்டுக்கு வரும் உறவினர், நண்பர்களின் கைபேசிகளை வாங்கி, மாடியிலோ கூடத்திலோ அல்லாமல், அம்மாவின் கட்டிலருகே வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டோம். ஒரு நிறுவனத்தின் சிக்னல் அங்கே -106 காட்டியது. வேறு திசையிலுள்ள டவரும், தாழ்ந்த அலைவரிசையும் சேர்ந்து தந்த பலன் அது. கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011 முதல் இருக்கிறது. ஆனால் ஒருமுறை மாறினால் 90 நாட்கள் அங்கேயே இருந்தாக வேண்டும். எனவே அவசரப்பட்டு மாறாமல், அம்மாவின் கைபேசியிலுள்ள இரண்டாவது சிம் இடத்தில் அந்த நிறுவனத்தின் புதிய சிம்மைப் போட்டு, மழை நாளிலும் வெயில் நாளிலும் இரவிலும் பார்த்துவிட்டே முடிவெடுத்தோம். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இருப்பது வயதானவர்களுக்கு ஒரு பாதுகாப்பும்கூட. 112க்கு அழைக்கும்போது, சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் கிடைக்கும் வேறு எந்த நெட்வொர்க் வழியாகவும் அந்த அழைப்பு செல்லும் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லிவைத்தோம்.

உண்மையான தீர்வு வைஃபை காலிங் மூலம் வந்தது. நம் நாட்டில் பெரிய தனியார் நிறுவனங்கள் 2019 இறுதியிலிருந்து 2020க்குள் இந்தச் சேவையைத் தொடங்கிவிட்டன. டவருக்குப் பதிலாக வீட்டு பிராட்பேண்ட் வழியாக, அதே எண்ணிலிருந்து, வழக்கமான டயலரிலேயே அழைப்பு போகிறது, வருகிறது. எதிர்முனையில் இருப்பவருக்குத் தனிச் செயலி எதுவும் வேண்டியதில்லை. எந்த நிறுவனத்தின் பிராட்பேண்டாக இருந்தாலும் போதும். அம்மாவின் கைபேசியில் வங்கி ஓடிபியும் இந்த வழியிலேயே வந்து சேர்ந்தது.

இதைச் சரியாக அமைப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. சிம் அமைப்பில் வைஃபை காலிங்கை இயக்கினால் மட்டும் போதாது. அதற்குள் முன்னுரிமை எதற்கு என்ற தேர்வு சில கைபேசிகளில் இருக்கும், அதில் வைஃபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் -117 அளவிலுள்ள செத்துப்போன சிக்னலையே கைபேசி பற்றிக்கொண்டு நிற்கும். வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்த எளிய வழி, கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் இயக்கி, வேறு ஓர் எண்ணிலிருந்து அழைத்துப் பார்ப்பது. மணி அடித்தால் எல்லாம் சரி. பார்த்து முடித்ததும் விமானப் பயன்முறையை மறக்காமல் அணைத்துவிட வேண்டும்.

அடுத்து, வைஃபையும் அந்த அறைக்கு ஒழுங்காக எட்ட வேண்டும். எங்கள் ரூட்டர் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது. அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர்களைத் தாண்டாது, 2.4 தாண்டும், ஆனால் குரல் இடையிடையே அறுந்தது. சுவரில் சொருகும் வைஃபை நீட்டிப்பானைவிட, ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து உள்ளறையின் வாசற்காலுக்கு மேலே இன்னொரு சிறிய ரூட்டரை வைத்தது நிலையான பலன் தந்தது. எலெக்ட்ரீஷியன் அரைநாளில் முடித்துக்கொடுத்த வேலை அது. அதற்குப் பிறகு அழைப்பு அறுந்ததாக அம்மா சொல்லவில்லை.

மின்வெட்டு இந்த ஏற்பாட்டின் பலவீனம். மின்சாரம் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் அழைப்பும் போகும். ஃபைபர் இணைப்புப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தோம். சில மணி நேரம் தாங்குகிறது. இரண்டாவது ரூட்டரையும் அதிலேயே இணைக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், ரூட்டர் இருக்கும் பிளக் இன்வெர்ட்டர் இணைப்பில் வருகிறதா என்று மெயினை அணைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இவற்றோடு நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் செய்வதையும் விடவில்லை. வீட்டுக்குள் சிக்னல் தருவது அவர்கள் பொறுப்பில்லை என்று பலர் எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 198க்கு அழைத்துப் புகார் பதிந்தால் அதற்கு ஓர் எண் தந்தாக வேண்டும். எங்கள் முதல் புகாருக்கு, உங்கள் பகுதியில் சேவை சிறப்பாக உள்ளது என்ற ஒருவரிப் பதில்தான் வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய பதிலில் திருப்தியில்லாதவர் 30 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். 39 நாட்களுக்குள் அது தீர்க்கப்பட வேண்டும். மேல்முறையீட்டில் மாடி, கூடம், உள்ளறை ஆகிய மூன்று இடங்களின் அளவுகளையும், தேதி, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்களோடு இணைத்தோம். சிக்னலே வரவில்லை என்று எழுதுவதற்கும் இந்த இடத்தில் -119 என்று எழுதுவதற்கும் கிடைக்கும் மறுமொழி வேறு வேறாக இருப்பதைக் கண்கூடாகப் பார்த்தோம். அதன் பிறகு பொறியாளர் வந்து, எங்கள் பக்கம் நோக்கிய ஆன்டெனாவின் சாய்வைச் சரிசெய்ததில், கூடத்தின் அளவு -94க்கு வந்தது. உள்ளறை பெரிதாக மாறவில்லை. அந்தக் கான்கிரீட்டை எந்தச் சாய்வும் வெல்லாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஒருவர் கேட்பதைவிட, சங்கத்தின் பெயரில் எல்லா வீடுகளின் அளவுகளையும் சேர்த்து விண்ணப்பித்தால், நிறுவனமே கட்டடத்துக்குள் சிறிய ஆன்டெனாக்களை அமைத்துத் தர முன்வரும் வாய்ப்பு அதிகம். நிறுவனம் தன் நெட்வொர்க்கின் பகுதியாக அமைக்கும் ரிப்பீட்டருக்கு, அதாவது சிக்னலைப் பெருக்கித் திரும்ப அனுப்பும் கருவிக்கு, எந்தத் தடையும் இல்லை; இரைச்சல் அளவை அவர்களே கண்காணிப்பதால் அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை.

சிறுவாணி அடிவாரத்தில் மாமாவின் தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர் இணைப்பே கிடையாது. அங்கே வேறு விதமாகச் செய்தோம். நிறுவனமே தரும் ஏர்ஃபைபர் வகைக் கருவியின் வெளிப்பெட்டியை, டவர் இருக்கும் திசை பார்த்து, களத்துமேட்டுக் கட்டடத்தின் ஓட்டுக்கூரைக்கு மேலே குழாயில் பொருத்தினார்கள். அது ஒரு பெரிய கைபேசியைப் போல டவரோடு தானே பேசி, இணையமாக மாற்றி, லேன் கேபிள் வழியே கீழே அனுப்புகிறது. வீட்டுக்குள் வைஃபை, அதன் மேல் வைஃபை காலிங். சிக்னலைப் பெருக்கித் திரும்ப ஒலிபரப்பும் வேலையே இதில் இல்லாததால், பூஸ்டருக்குள்ள சட்டச் சிக்கலும் இல்லை, டவருக்கு இரைச்சலும் இல்லை. பூஸ்டரின் ஆன்டெனாக் கேபிளில் ஒவ்வொரு மீட்டருக்கும் சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். லேன் கேபிளிலோ 100 மீட்டர் வரை தரவு குறையாமல் வரும். அந்தக் கட்டடத்தின் உயரத்தில் பெட்டியை வைத்துவிட்டு வீடு வரை கேபிள் இழுத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். இடி மின்னல் அதிகமுள்ள இடம் என்பதால், பெட்டி பொருத்திய இரும்புக் குழாயைத் தனி எர்த்திங்கோடு இணைக்கச் சொன்னோம். தென்னைக்கு மேலே உயரும் எந்த இரும்புக்கும் இதைச் செய்யாமல் விடக்கூடாது.

புதிதாக வீடு கட்டுபவர்கள் தளம் போடும் முன்பே, மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுப்பகுதிக்கும் ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள ஒரு பிளக்கும் இருக்கட்டும். சன்னலுக்கு மின்னும் உலோகப் பூச்சுத் தாள் ஒட்டலாமா என்று கேட்டால், ஒரு துண்டு மாதிரியை வாங்கிவந்து கைபேசியைச் சுற்றி மூடி எண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லுங்கள். கட்டடங்களை அவற்றின் இணைப்பு வசதிக்கேற்ப மதிப்பிடும் விதிமுறைகளை டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்கள், அந்த மதிப்பீடு செய்யப்பட்டிருக்கிறதா என்று கட்டுநரிடம் கேட்கலாம். கேட்பதோடு, படுக்கையறைக்குள் போய் நின்று கைபேசியிலுள்ள எண்ணையும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.